பெயரிங் வண்டிலில் ஒரு கமரா

கலியாண வீட்டு வீடியோக்களை வெட்டி ஒட்டுவது என் பிழைப்பு. நாள் முழுவதும் பிறருடைய தாலிகட்டையும் பூப்புனித நீராட்டு விழாவையும் பார்த்துக்கொண்டிருப்பேன். அவற்றில் கமரா ஓரிடத்தில் நின்று நான் கண்டதில்லை. மணமகள் படியிறங்கினால் கமரா மேலே ஏறும். மாமியார் குத்துவிளக்கை ஏற்றினால் அது மண்டபத்தைச் சுற்றி வரும். அப்படிப்பட்டவன் சொந்தமாக ஒரு பன்னிரண்டு நிமிடப் படம் எடுக்கப் புறப்பட்டபோது, எனக்குத் தேவைப்பட்டது ஒரேயொரு அசைவு.

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் எங்கள் பழைய வீட்டு விறாந்தை. அம்மம்மா சாய்மனைக் கதிரையில் இருக்கிறார். பக்கத்து முக்காலியில் தொலைபேசி அடிக்கிறது. அவர் எடுக்கவில்லை. கமரா மெல்ல அவரை நெருங்குகிறது. காட்சி இவ்வளவுதான்.

முதலில் சோம்பேறி வழியில் போனேன். கமராவை ட்ரைபொட்டில் வைத்து ஸூம் வளையத்தைத் திருகினேன். கணினியில் போட்டுப் பார்த்தபோது, யாரோ அம்மம்மாவின் புகைப்படத்தைக் கண்ணுக்கு அருகே தூக்கிப் பிடித்தது போல இருந்தது. நெருங்கிய உணர்வு இல்லை. காரணம் எளிய கணக்கு. கமராவிலிருந்து விறாந்தைத் தூண் 2 மீற்றர், அம்மம்மா 4 மீற்றர், பின்சுவர் 6 மீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கமராவை 1 மீற்றர் முன்னே நகர்த்தினால் தூண் இரண்டு மடங்காகப் பெருக்கும். அம்மம்மா மூன்றில் ஒரு பங்கு பெருப்பார். சுவர் ஐந்தில் ஒரு பங்குதான். ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவில் பெருப்பதால் தூண் விலகி வழிவிடுகிறது. நாமே நடந்து போவதாகக் கண் நம்புகிறது. ஸூமில் மூன்றும் ஒரே அளவில் பெருக்கும். தூண் வழிவிடாது. கால் நகராமல் கண்முன் உள்ள எல்லாம் ஒரே அளவில் பெரிதாவது வாழ்க்கையில் எங்கும் நடப்பதில்லை. ஆகவே கண் அதை நடையாக ஏற்பதில்லை.

ஆக, வண்டில் வேண்டும்.

சின்ன வயதில் பலகைக்கு அடியில் நான்கு பழைய பெயரிங்குகளை அடித்து ஒழுங்கையில் உருட்டி விளையாடியவர்களுக்கு இந்த வேலையின் பாதி ஏற்கெனவே தெரியும். தண்டவாளத்துக்கு இரண்டு ஒரு அங்குல பி.வி.சி. குழாய்கள். பக்கத்து வீட்டு மாமா தோட்டத்துத் தண்ணீர் லைனுக்காக வாங்கிச் சுவரோரம் சாத்தி வைத்திருந்தார், கேட்டேன், தந்தார். வண்டிலுக்கு முக்கால் அங்குலப் பிளைவுட் துண்டு ஒன்று. சில்லுக்கு 608 பெயரிங் எட்டு. ஸ்கேட் பலகைகளில் வருவது இதுதான்: துளை 8 மில்லிமீற்றர், வெளிவிட்டம் 22, தடிப்பு 7. பெயரிங்கைப் பூட்ட ஒன்றரை அங்குல அலுமினிய எல் கோணத் துண்டுகள் இரண்டு.

எல் கோணத்தைக் கவிழ்த்துப் பிடித்தால் கூரை போல இருக்கும். கூரையின் இரண்டு உட்பக்கங்களிலும் பெயரிங்குகளைப் பூட்டினால் அவை குழாயின் தோளில் இரு புறமும் சாய்ந்து உட்காரும். வண்டில் இடமும் போகாது, வலமும் போகாது. ஒரு கோணத்துக்கு நான்கு பெயரிங், முன்னே ஒரு சோடி, பின்னே ஒரு சோடி. எழுத இலகுவாக இருக்கிறது. செய்தபோது மூன்று இடத்தில் இடறினேன்.

ஒன்று, ஒரு சோடியின் இரண்டு போல்ட்டுகளையும் நேருக்கு நேர் துளைத்துவிட்டேன். உள்ளே அவற்றின் தலைகள் முட்டிக்கொண்டன. அரை அங்குலம் முன்பின்னாகத் துளைக்க வேண்டும் என்பது அலுமினியம் ஒரு அடி வீணான பிறகுதான் தெரிந்தது.

இரண்டு, கடையில் 8 மில்லிமீற்றர் போல்ட் முடிந்துவிட்டது என்று பதினாறில் ஐந்து அங்குல (5/16) போல்ட்டைத் தந்தார்கள். கணக்குப் போட்டால் அது 7.94 மில்லிமீற்றர். நுழையும், பிழையில்லை, ஆனால் நட்டைச் சரியாக இறுக்காவிட்டால் அந்த நூலிழை இடைவெளியே கமராவில் நடுக்கமாகத் தெரியும்.

மூன்றாவது பிழையில்தான் ஒரு முழு நாள் போனது. வண்டிலைத் தள்ளியதும் சில்வண்டு கத்துவது போல ஒரு சத்தம். பெயரிங் பழுது என்று நினைத்துத் தேங்காயெண்ணெய் விட்டேன். சத்தம் அடங்கியது. அரை மணி நேரத்தில் முற்றத்து மணல் முழுவதும் எண்ணெயில் ஒட்டி, நற நற என்று அரைபடத் தொடங்கியது. எல்லாவற்றையும் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவும்போதுதான் காரணம் கண்ணில் பட்டது. பெயரிங்குக்கும் அலுமினியத்துக்கும் இடையில் நான் போட்டிருந்த வாஷர் பெரியது. அது பெயரிங்கின் உள்வளையத்தை மட்டும் தொட வேண்டும். என்னுடையது சுழலும் வெளிவளையத்தையும் சேர்த்து உரசிக்கொண்டிருந்தது. சின்ன வாஷர் போட்டுத் தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி விட்டேன். ஒரு விரலால் தட்டினால் வண்டில் குழாயின் மறுமுனை வரை சத்தமில்லாமல் போனது. அம்மம்மா இதைப் பார்த்துவிட்டு, “இதில் இருத்தி என்னைக் கிணற்றடி வரை கொண்டுபோகலாம் போல இருக்கிறதே” என்றார்.

குழாய்க்கும் ஒரு குணம் உண்டு. முற்றத்தில் காலையில் நேராகப் போட்ட குழாய், மத்தியான வெயிலில் மேற்பக்கம் மட்டும் சூடேறி வாழைக்காய் போல வளைந்தது. உள்ளே காய்ந்த மணலை நிரப்பி இரு முனைகளையும் மூடியபோது பாரமும் வந்தது, அதிர்வும் குறைந்தது. அதற்குள் இரண்டு குழாய்களிலும் நடுவே வெட்டு விழுந்திருந்தது, காரில் ஏற்றுவதற்காக. பொருத்தில் ‘டக்’ என்ற குலுக்கல் ஒவ்வொரு ஓட்டத்திலும் படத்தில் விழுந்தது. அதற்கு மருந்து, நேராக வெட்டாமல் 45 பாகையில் சரிவாக வெட்டுவது. அப்போது பெயரிங் இடைவெளிக்குள் இறங்குவதற்குள் அடுத்த துண்டு அதைத் தாங்கிக்கொள்ளும். உள்ளே இறுக்கமாக ஒரு மரத்துண்டைச் செருகினேன். இடது குழாயின் பொருத்தும் வலது குழாயின் பொருத்தும் ஒரே இடத்தில் வராமல் ஒரு அடி தள்ளி வைத்தேன். குலுக்கல் போய்விட்டது.

வண்டில் கைக்கு வந்ததும் புத்தி பேராசைப்பட்டது. 1958இல் வந்த, இயக்குநர் ஹிட்ச்கொக்கின் ‘வெர்ட்டிகோ’ படத்துக்காக இரண்டாம் பிரிவு ஒளிப்பதிவாளர் இர்மின் ரொபர்ட்ஸ் அமைத்துக் கொடுத்த உத்தி ஒன்று உண்டு: கமரா ஒரு திசையில் ஓடும்போது ஸூமை எதிர்த்திசையில் திருப்புவது. படிக்கட்டின் உயரத்தைக் கண்டு நாயகனுக்குத் தலைசுற்றும் இடம். உண்மையான படிக்கட்டில் கமராவைத் தொங்கவிடச் செலவு அதிகம் என்பதால், சிறிய மாதிரிப் படிக்கட்டு ஒன்றைச் செய்து அதைப் பக்கவாட்டில் கிடத்திப் படமெடுத்தார்கள். அந்தச் சில வினாடிகளுக்கு அப்போது 19,000 டொலர் செலவானது. என்னிடம் இரவல் குழாயும், கமராவுடன் வந்த 18-55 மில்லிமீற்றர் ஸூம் லென்ஸும் இருந்தன. விடுவேனா?

முகம் ஒரே அளவில் நிற்க வேண்டுமானால் தூரமும் குவியத்தூரமும் (ஸூம் வளையத்தில் எழுதியிருக்கும் மில்லிமீற்றர் எண்) ஒரே விகிதத்தில் மாற வேண்டும். 18இல் 1 மீற்றர் என்று முடிவுப் புள்ளியை வைத்தேன். அப்படியானால் 24இல் 1.33 மீற்றர், 35இல் 1.94, 55இல் 3.06. ஆக இரண்டு மீற்றருக்குச் சற்று அதிகமான ஓட்டம், குழாய் தாராளமாகப் போதும். இக்கட்டு வளையத்தில் இருந்தது. அதில் 18க்கும் 24க்கும் இடையில் உள்ள தூரமும் 35க்கும் 55க்கும் இடையில் உள்ள தூரமும் கணக்குக்கு ஒத்து வருவதில்லை. சைக்கிள் ட்யூப்பில் வெட்டிய ரப்பர் வளையத்தை லென்ஸில் மாட்டி, அதில் ஒரு ஈர்க்கைச் செருகி, பின்னால் மட்டையில் கோடுகள் போட்டேன். குழாய் ஓரத்திலும் அதே எண்களில் கோடுகள். தம்பி வண்டிலைத் தள்ளி “முப்பத்தைந்து… இருபத்து நான்கு…” என்று சொல்லச் சொல்ல நான் ஈர்க்கை நகர்த்தினேன்.

இந்த லென்ஸில் இன்னொரு பொறி. வெளிச்சம் நுழையும் துவாரத்தை முழுதாகத் திறந்து வைத்தால், ஸூம் மாறும்போது அது தானாக எஃப் 3.5இலிருந்து 5.6 வரை ஓடும். படம் நடுவே வெளிச்சம் கூடும், குறையும். இரண்டையும்விடச் சிறிய துவாரமான எஃப் 8இல் கட்டிவிட்டால் அந்தத் தொல்லையும் இல்லை, ஃபோகஸுக்கும் கொஞ்சம் மன்னிப்புக் கிடைக்கும்.

பதினேழாவது தடவையில் சரியாக வந்தது. அம்மம்மாவின் முகம் அசையாமல் நிற்க, பின்னாலிருந்த சுவரும் சாமிப்படங்களும் கதவும் அவரை விட்டு விலகிப் பின்னோக்கி ஓடின. தம்பி கைதட்டினான். எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. அன்றிரவு அதை ஐம்பது தடவையாவது பார்த்திருப்பேன்.

இடையில் சின்னச் சின்ன விடயங்கள். இரவுக் காட்சியில் எல்.ஈ.டி. பல்ப்பின் கீழ் கறுப்புப் பட்டைகள் படத்தில் மேலும் கீழும் நகர்ந்தன. இங்கே மின்சாரம் 50 ஹேர்ட்ஸ்; கமராவின் ஷட்டர் 1/60 வினாடியில் கிடந்தது. வினாடிக்கு 25 ஃபிரேமுக்கும் ஷட்டரை 1/50க்கும் மாற்றியதும் பட்டைகள் மறைந்தன. இணையத்தில் பார்த்துப் படிக்கும் பாடங்களில் பாதி, 60 ஹேர்ட்ஸ் நாட்டில் இருந்துகொண்டு சொல்வது என்பதை மறந்துவிடுகிறோம்.

கமராவின் உயரத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். விறாந்தை முற்றத்தைவிட இரண்டு அடி உயரம். முற்றத்தில் குழாயைப் போட்டு அங்கிருந்து அண்ணாந்து எடுத்தபோது, அம்மம்மா தொலைபேசிக்காகக் காத்திருக்கும் கிழவியாக இல்லை. வழக்குக் கேட்க உட்கார்ந்த விதானையார் போல இருந்தார். கீழிருந்து மேலே பார்த்தால் ஆளுக்கு அதிகாரம் வந்துவிடும் என்பது எல்லோரும் சொல்லும் பாடம்தான். ஆனால் கமரா தாழ்வாக இருப்பது வேறு, அண்ணாந்து பார்ப்பது வேறு. யப்பானிய இயக்குநர் ஓசு தன் படங்களில் கமராவைத் தரைக்கு அருகே வைத்தார், பெரும்பாலும் 50 மில்லிமீற்றர் லென்ஸில். அங்கே யாரும் அதிகாரியாகத் தெரிவதில்லை. பாயில் உட்கார்ந்திருப்பவர்களோடு நாமும் பாயில் உட்கார்ந்திருக்கிறோம். குழாயை விறாந்தைக்கு மேலேயே ஏற்றினேன். லென்ஸை அம்மம்மாவின் கண்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே வைத்தேன், அண்ணாக்காமல். படியில் வந்து குந்தியிருக்கும் பேரப்பிள்ளையின் உயரம் அது. காட்சி உடனே மனிதர் வாழும் வீடானது.

இனி மெதுவான ஓட்டம். எனக்கு வேண்டியது 20 வினாடியில் 40 சென்றிமீற்றர். வினாடிக்கு இரண்டு சென்றிமீற்றர். கையால் தள்ளிப் பாருங்கள், எறும்பை மேய்ப்பது இதைவிடச் சுலபம். மீன் பிடிக்கும் தங்கூசி நூலைக் கட்டி, 5 சென்றிமீற்றர் விட்டமுள்ள நூற்கட்டையில் சுற்றி இழுத்தேன். கட்டையின் சுற்றளவு 15.7 சென்றிமீற்றர், எட்டு வினாடிக்கு ஒரு சுற்று என்றால் வேகம் கணக்காக வரும். ஆனால் தங்கூசி இழுபடும் சாமான். முதலில் அது நீளும், வண்டில் நிற்கும். பிறகு திடீரென்று வண்டில் பாயும். மீன் தூண்டிலில் அகப்பட்டது போல. தங்கூசியை எறிந்துவிட்டுச் சைக்கிள் பிரேக் வயரைக் கட்டினேன். அது நீளாது. கைத்தொலைபேசியில் வினாடிச் சத்தத்தை வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி இரண்டரைச் சுற்று. மூன்றாவது தடவையிலேயே வந்துவிட்டது.

அம்மம்மாவுக்கு நடிக்கத் தெரியாது. “கவலையாக இருங்கள்” என்றால் சிரிப்பார். கடைசியில், தொலைபேசியைப் பார்த்தபடி சும்மா இருக்கச் சொன்னேன். இருந்தார். படம் முடிந்ததும் என்ன நினைத்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டேன். “குசினிக் கதவைச் சாத்தினேனா, பூனை மீன்குழம்புக்குப் போயிருக்குமா என்று” என்றார். ரஷ்ய இயக்குநர் குலெஷோவ் நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரே முகத்தை ஒரு தட்டு சூப்புக்கு அடுத்தும் சவப்பெட்டிக்கு அடுத்தும் ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் ஒன்றில் பசியையும் மற்றதில் துயரத்தையும் கண்டார்கள் என்று பாடங்களில் வரும். எங்கள் வீட்டில் அது பூனையோடு நிரூபணமானது.

எடுத்ததையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வீட்டுத் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டினேன். பெரியம்மா, அவருடைய இரண்டு பேரப்பிள்ளைகள், குழாய் தந்த மாமா. எது எந்த உத்தி என்று சொல்லவில்லை.

ஸூமுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பெரியம்மா தேங்காய் துருவிக்கொண்டே பார்த்தார்.

வெர்ட்டிகோ ஓட்டம் வந்தது. பிள்ளைகள் “இன்னொரு தரம் போடுங்கள்” என்று துள்ளினார்கள். பெரியம்மா துருவலை நிறுத்தினார். “அம்மாவுக்குத் தலைச்சுற்றா? பிரஷர் குளிசை போட்டவவா?” பதினேழு தடவை தள்ளி, ஈர்க்கு செருகிப் பெற்ற காட்சி அந்த ஒரு கேள்வியில் செத்துப்போனது. அவர் பிழையாகப் பார்க்கவில்லை. நிலம் நழுவுகிறது என்று சொல்லும் அசைவு அது. எடுக்காத ஒரு தொலைபேசிக்கு அவ்வளவு நிலம் நழுவத் தேவையில்லை.

அடுத்தது கையில் பிடித்து எடுத்த துண்டு. கிடுகு வேலிக்கு வெளியே நின்று, ஓலை இடுக்கால், விறாந்தையை எடுத்திருந்தேன். மூச்சுக்கு ஏற்றபடி படம் லேசாக ஆடும். இயல்பாக இருக்கட்டும் என்று நினைத்துச் செய்தது. மாமா கதிரையில் முன்னுக்கு வந்து உட்கார்ந்தார். “யார் அது வேலியடியில் நிற்பது?” என்றார். யாருமில்லை, கமராதான் என்றேன். “கமரா மூச்சு விடுமா?” என்றார். அவருடைய வயதுக்காரர்களுக்கு வேலிக்கு வெளியே ஒருவர் அசையாமல் நின்று பார்ப்பது என்றால் என்ன என்று இந்த ஊரில் விளக்கத் தேவையில்லை. ஆட்டம் வந்ததும் படத்துக்குள் ஒரு ஆள் வந்துவிடுகிறார். அவர் யார் என்று படம் எடுத்தவன் சொல்லாவிட்டால் பார்ப்பவர் தானே சொல்லிக்கொள்கிறார்.

ட்ரோன் துண்டை நான் போட்டிருக்கக் கூடாது. கலியாண வீடியோ எடுக்கும் நண்பன் ஒருவன் தன் ட்ரோனைக் கொண்டுவந்து, ஓட்டுக் கூரை, கிணறு, துலா, வடலிகள் எல்லாம் தெரிய வீட்டை நேர்மேலிருந்து எடுத்துத் தந்திருந்தான். அழகான காட்சி. சத்தத்தை அணைக்க மறந்திருந்தேன். அந்த ரீங்காரம் கேட்டதும் பெரியம்மா எழுந்து குசினிக்குப் போய்விட்டார். அவர் போரின் கடைசிக் காலம் வரை வன்னியில் இருந்தவர். அங்கே வேவு விமானத்தை எல்லோரும் ‘வண்டு’ என்றுதான் சொல்வார்கள். வண்டு சுற்றிவிட்டுப் போனால் பிறகு என்ன வரும் என்று காத்திருந்த நாட்களைப் பற்றி அவர் எங்களிடம் அதிகம் பேசியதில்லை. நேர்மேலிருந்து பார்க்கும் காட்சி ‘கடவுளின் பார்வை’ என்று படித்திருக்கிறேன். அந்த உயரத்திலிருந்து இந்த மண்ணை யார் பார்த்தார்கள் என்பது படித்த இடத்தில் இல்லை. அந்தத் துண்டை அன்றே படத்திலிருந்து எடுத்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பெரியம்மா தேநீரோடு வந்தார். கடைசித் துண்டைப் போட்டேன். பிரேக் வயரில் இழுத்த 40 சென்றிமீற்றர். தூண் படத்தின் ஓரத்தால் மெல்ல நழுவிப் போகிறது. தொலைபேசி அடிக்கிறது. கமரா அசைகிறது என்று பிள்ளைகளும் சொல்லவில்லை, மாமாவும் சொல்லவில்லை. பத்தாவது மணியோ என்னவோ, பெரியம்மா தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்தபடியே தொலைக்காட்சியைப் பார்த்து, “எடுங்கள் அம்மா, பிள்ளை அங்கே காத்துக்கொண்டிருக்கும்” என்றார்.

படத்தில் இப்போது அந்த ஓர் அசைவுதான் இருக்கிறது. மற்றக் காட்சிகள் எல்லாம் ட்ரைபொட்டில் நிற்கின்றன. வேலிக் காட்சியை எறியவில்லை. அங்கே உண்மையிலேயே ஒருவரை நிறுத்துவதற்கு ஏற்றபடி கதையை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். பெயரிங்குகளைக் கழற்றி எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். சோளகம் தொடங்கிவிட்டது, உப்புக் காற்று ஒரு மாதத்தில் துருவேற்றிவிடும்.

போன கிழமை மாமா மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் லைன் போட வேண்டுமென்று குழாயைக் கேட்டு வந்தார். மணலைக் கொட்டிக் கழுவிக் கொடுத்தேன். இரண்டு குழாய் வாங்கியவரிடம் நான்கு துண்டுகளை நீட்டியபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. வெட்டுமுனையைக் கண்ணருகே தூக்கிப் பார்த்தார்.

“ஏன் தம்பி, இதைச் சரிவாக வெட்டினீர்?”

விளக்கத் தொடங்கினேன். அவர் பாதியில் கையை உயர்த்தி, துண்டுகளைப் பொருத்தும் சொக்கட் வாங்குவதற்குக் காசு கேட்டார்.